தீடையில் நான்கு பேர்

அந்த ஓவியத்தின் முன்னால் அவர் முதல்முதல் நின்றபோது கையில் ஈரத் துடைப்பம் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி மரத்தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. நூறு வருடத்துப் பழைய மரத்தரை. ஒரு சொட்டு ஊறினாலும் மேற்பார்வைக்காரி எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். நான் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"தங்கச்சி, இவையளுக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

"எவையளுக்கு அண்ணை?"

"இந்த நாலு பேருக்கும். தண்ணி வரப்போகுது."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே துப்புரவுக் கம்பனியில் வேலை செய்தோம். நாங்கள் இருந்த ஹம் நகரிலிருந்து ரயிலில் அரைமணித் தூரத்தில் ஒரு சின்ன நகரம். அதன் அருங்காட்சியகத்தைக் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் கூட்டித் துடைத்துக் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருடமாகியிருந்தது. கணவருக்கு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு விசா இருந்தது, டொச், அதாவது ஜெர்மன் மொழி, கதைப்பேன். அவர் வந்து இரண்டு வருடம்தான். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தது. மன்னார்க் கரையோரத்து ஆள், படகோட்டி. வயது நாற்பத்தைந்து இருக்கும். மெலிந்து கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே தழும்புகள். சுருட்டை விட்டபிறகு பழகிய கராம்பு ஒன்று எப்போதும் கடைவாயில் கிடக்கும். ஓரிடத்தில் நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார், கீழே தரை அசைகிறது போல.

பிழையைக் கண்டால் அவரால் சும்மா இருக்க ஏலாது. இதுதான் அவரைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்த விஷயம்.

அவர் தங்கியிருந்த அகதிகள் விடுதியின் வாசலில் ஒரு மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தி ஓடும். அங்கே இருந்தவர்களில் எவருக்கும் நேரத்துக்குப் போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லாததால் அது யாரையும் உறுத்தவில்லை. இவர் மட்டும் வாரம் தவறாமல் கதிரை வைத்து ஏறித் திருத்துவார். காவலாளி வந்து கத்துவான். இவர் கதிரையில் நின்றபடியே தன் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். கடைசியில் காவலாளி வெறுத்துப்போய் மணிக்கூட்டையே கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

"பிழையான மணிக்கூட்டுக்கு வெறுஞ்சுவர் பறவாயில்லை," என்றார் என்னிடம், ஏதோ வென்றுவிட்டவர் போல.

வெளிநாட்டவர் கந்தோரில் அவருடைய பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பமாட்டார். ஒருமுறை மொழிபெயர்க்க நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி கதவைத் திறந்து மூன்று தரம் கூப்பிட்டார். நான் முழங்கையால் இடித்தேன்.

"அண்ணை, உங்களைத்தான்."

"அது நானில்லை தங்கச்சி. அவன் வேற ஆரோ. வந்தால் போகட்டும்."

டெர்மின், அதாவது அன்றைய சந்திப்பு நேரம், போயிற்று. அடுத்தது ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்களைப் போன்றவர்கள் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த ஆளாக இருக்கப் பழகிவிட்டோம். என் விசாவில் நான் பிறந்தது தை மாதம் முதலாம் திகதி. அம்மா என்னைப் பெற்றது ஆவணியில். திருத்தவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ரயிலில் அவருக்கு இன்னொரு பழக்கம். எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் இருக்கமாட்டார். ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நடப்பார், திரும்பி வருவார், கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்ப்பார்.

"இருங்கோவன் அண்ணை. மூண்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்தனீங்கள்."

"இருந்தால் போறமோ நிக்கிறமோ எண்டு தெரியாது."

அந்த ஓவியத்துக்கு வருகிறேன். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவில் ஓர் ஆற்றின் மூலத்தைத் தேடிப் போன பயணக் குழுவோடு ஜெர்மன் ஓவியர் ஒருவரும் போயிருக்கிறார். அவர் வரைந்தது. அவர் பிறந்த ஊர் இதுதானாம், அதனால் இங்கே மாட்டியிருந்தார்கள். இடப்பக்கம் இருட்டுக் காடு. அதையொட்டித் தேத்தண்ணி நிறத்தில் அகன்ற ஆறு. ஆற்றின் நடுவே மஞ்சள் மணல்மேடு. அதில் ஒரு நெருப்பு, நெருப்பைச் சுற்றி விரல் நீளத்தில் நான்கு பேர். இரண்டு வள்ளங்கள் மூக்கை மட்டும் மணலில் ஏற்றிக்கொண்டு நின்றன. வானம் முழுக்க ரோசாப்பூ நிறம். கீழே பித்தளைத் தகட்டில் 'ஆற்றில் இளைப்பாறல்' என்று டொச்சில் பொறித்திருந்தது. மூன்று வருடமாக அதன் சட்டத்தில் தூசு தட்டியவள் நான். அந்த நாலு பேரையும் ஒருநாளும் கண்டதில்லை.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். சொன்னேன்.

"இளைப்பாறலோ? பிழை. வடிவாப் பாருங்கோ. ஆத்தில மரம் மிதந்து வருது. இலை பச்சையாக் கிடக்கு, வாடேல்லை. அப்ப மேல எங்கயோ இப்பதான் கரை இடிஞ்சு விழுந்திருக்கு. அங்க மழை, இஞ்ச வெள்ளம் வரும். கொக்கு, நாரை ஒண்டாவது மணலில நிக்குதோ? எல்லாம் மரத்தில. வள்ளத்தைக் கட்டவும் இல்லை. இந்தத் தீடை இண்டைக்குப் பின்னேரம் தண்ணிக்குள்ள தாண்டுபோம்."

தீடை என்று அவர்கள் ஊரில் சொல்வது கடலுக்கு நடுவே கிடக்கும் மணல்மேட்டை. மன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் வரிசையாக அப்படிக் கிடக்கிறது.

"நீங்கள் கடல்காரர் அண்ணை. இது ஆறு."

"தண்ணி தண்ணிதான்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த அறையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற இடமெல்லாம் ஓட்டமும் நடையுமாகத் துடைத்துவிட்டு அங்கே போய் நிற்பார். ஒருநாள் காவலாளி ஒருவர், அவருடைய விரல் ஓவியத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததைக் கண்டுவிட்டார். அந்த இடத்தில் மிதந்துவரும் மரத்தின் கிளைகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். பெரிய பிரச்சினையாயிற்று. கம்பனி அவரை நிறுத்தப் பார்த்தது. வேலை போனால் வழக்குக்கும் கூடாது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் கூப்பிட்டபோது நான் மொழிபெயர்க்கப் போனேன், எப்படி மன்னிப்புக் கேட்பது என்று டொச்சில் மனப்பாடம் செய்துகொண்டு.

பொறுப்பாளர் உயரமான பெண். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நான் மன்னிப்பைத் தொடங்கிப் பாதிதான் வந்திருப்பேன்.

"அதைப் பிறகு சொல்லுங்கோ," என்றார் இவர். "தகட்டில பிழை எண்டு முதல் சொல்லுங்கோ."

சொன்னேன், வேறு வழியில்லாமல். அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழும்பினார். எங்களை ஓவியத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போய், "எங்கே?" என்றார். இவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாடியை நீட்டிச் சுட்டிக்காட்டிச் சொன்னார். மரம், இலை, பறவை, கட்டாத வள்ளம். பொறுப்பாளர் இடையிடையே அவற்றுக்கு டொச்சில் என்ன சொல் என்று சொல்லிக்கொடுத்தார். கரைக்கு உஃபர் என்றும் மணல்மேட்டுக்கு சாண்ட்பாங்க் என்றும் இவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அரைமணி நேரம் அப்படிப் போனது. வேலை தப்பியது. "இருபது வருடமாக இந்தப் படத்தோடு இருக்கிறேன்," என்றார் அந்தப் பெண் என்னிடம், கொஞ்சம் கோபம் மாதிரி. யாரில் கோபம் என்று விளங்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு சனிக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரும் வழியில் தமிழ்ப் பள்ளியில் மகளை ஏற்ற வேண்டியிருந்தது. சுவரில் பெற்றோர் யாரோ மட்டையில் வரைந்த இலங்கைப் படம் ஒன்று இருந்தது. மன்னாரிலிருந்து இந்தியாப் பக்கம் அழகுக்காக ஐந்தாறு புள்ளி வைத்திருந்தார்கள். அவர் பிள்ளைகளின் மேசையிலிருந்து அழிறப்பரை எடுத்தார். நான் தடுக்கவில்லை, பழகிவிட்டது. புள்ளிகளை அழித்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் பென்சில் நின்றது. அதற்கு அடுத்த புள்ளியைப் பெரிதாக வைத்தார். பிறகு ஏழாவதை அழித்தார். மறுபடி வைத்தார். மறுபடி அழித்தார். மட்டை கிழிந்துபோயிற்று.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் என்னிடம் சொல்லாமல் வெளியே போய் மழைக்குள் நின்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் நின்றபடியே சாப்பிட்டார். அதிகம் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ரயிலில், கதவடியில் நின்றுகொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"தொண்ணூறில சண்டை திரும்பத் தொடங்கேக்க சனம் கரை முழுக்க நிண்டுது. நான் பத்துப் பதினைஞ்சு தரம் ஏத்திக்கொண்டு போய் விட்டிருப்பன். எட்டாம் தீடை பெரிசு, அது தாழாது. அதில இறக்கினால் இந்தியா மீன்பிடிக்காரர் வந்து ஏத்துவினம். அண்டைக்கு விடியப்புறம் ஒரே பனிப்புகார். தீடையளை எண்ணிக்கொண்டுதான் போனனான். ஒண்டை ரெண்டு தரம் எண்ணிப்போட்டன் தங்கச்சி. இறக்கிவிட்டுக் கொஞ்சத் தூரம் வந்து திரும்பிப் பாக்கிறன், புகார் விலகுது, பெரிய தீடை அவையளுக்கு அங்கால கிடக்கு. அவையள் நிண்டது சின்னனில. தண்ணி ஏற அது தாண்டுபோம். கையைக் காட்டினவை. நான் சுகமாப் போறன் எண்டு நினைச்சுக் காட்டியிருப்பினம்."

"பிறகு?"

"திருப்பினனான். எஞ்சின் நிண்டுபோச்சு. நீரோட்டம் தெற்கால இழுத்துப்போட்டுது. மூண்டாம் நாள்தான் வேற வள்ளத்தில வந்து பாத்தன். தீடை கிடந்தது. ஆக்கள் இல்லை."

"ஏத்தியிருப்பினம் அண்ணை. இந்தியாவுக்குப் போய்க் கேட்டிருக்கலாமே?"

அவர் கராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார். ரயில் நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், கதவு மூடியது.

"கேட்டு, ஒருத்தரும் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டால்?" என்றார். "அதாலதான் மற்றப் பக்கம் ஓடி வந்தனான்."

மாரி தொடங்கியிருந்தது. ஒரு காலை பொறுப்பாளர் எங்களுக்காகவே வேலை நேரத்துக்கு முன்னால் வந்து காத்திருந்தார். கையில் வெள்ளைத் துணிக் கையுறை. மேசையில் ஒரு பழைய சின்னக் கொப்பி. ஓவியர் பயணத்தில் கூடக் கொண்டுபோனதாம், களஞ்சியத்தில் ஒரு பெட்டியின் அடியில் கிடந்ததாம். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் அதே காடு, அதே ஆறு, அதே மணல்மேடு, மிதக்கும் மரம். ஆட்கள் இல்லை. நெருப்பு இல்லை. வள்ளமும் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், தண்ணீர் வேகமாக ஏறுவதாகவும் அன்று எங்கும் இறங்க முடியவில்லை என்றும் ஓவியர் குறித்து வைத்திருந்தார்.

"இவர் சொன்னது சரி," என்றார் அந்தப் பெண். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஊருக்குத் திரும்பி வந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் பெரிய படத்தை வரைந்திருக்கிறார். ஆட்களை அப்போதுதான் சேர்த்திருக்கிறார். வாங்குகிறவர்களுக்கு வெறும் ஆறு பிடிக்காது."

நான் சொல்லச் சொல்ல அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அந்தத் தீடையில ஒருத்தரும் இறங்கேல்லையோ?"

"இல்லையாம் அண்ணை."

"நல்லது," என்றார். பிறகு, "அப்ப ஏன் ஆக்களைக் கீறினவர்?" என்றார்.

நான் வடிவுக்காக என்றேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்தப் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அறையைத் துடைப்பார், போவார்.

அந்த வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் பையிலிருந்து தன் அகதி விசாரணைப் பதிவை எடுத்துத் தந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தது, டொச்சில் இருந்ததால் என்னவென்று தெரியாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மனுதாரர் படகோட்டி. பதினொரு அகதிகளைத் தன் படகில் ஏற்றி, இந்தியக் கரையில் பத்திரமாக இறக்கிவிட்டார். அதனால் கடற்படை அவரைத் தேடியது.

"நிப்பாட்டுங்கோ. கரையில எண்டோ கிடக்கு?"

"ஓம்."

"நான் இறக்கிவிட்டனான் எண்டுதான் சொன்னனான். எங்க எண்டு அவங்கள் கேக்கேல்லை. நானும் விட்டுட்டன்." முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். "என்ர கடதாசியிலயும் ஆக்களைக் கீறி வச்சிருக்கு தங்கச்சி. கரையில."

அடுத்த கிழமை வக்கீலிடம் போனோம். போகும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு போனேன். பதினொரு பேரைக் காப்பாற்றியதற்காகத் துரத்தப்பட்ட மனிதருக்கு நீதிபதி இரங்குவார். தீடையில் விட்டுவிட்டு வந்தவருக்கு இரங்கமாட்டார். முதலில் ஒன்று சொல்லிப் பிறகு ஒன்று சொன்னால் எல்லாமே பொய் என்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

வக்கீல் நல்ல மனிதர், மேசை நிறையக் கோப்பு. "சொல்லுங்கள்," என்றார்.

"கரையில இல்லை, தீடையில விட்டனான் எண்டு சொல்லுங்கோ," என்றார் இவர்.

நான் வக்கீலைப் பார்த்து, நீதிமன்றத் தவணை எப்போது வரும் என்று கேட்கிறார் என்றேன்.

இதை இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது. நல்லதுக்குத்தான் செய்தேன். வக்கீல் ஏதோ பதில் சொல்லத் தொடங்கினார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கை வைத்துக் குனிந்து, வக்கீலின் கண்ணுக்கு நேரே சொன்னார்:

"உஃபர் நைன். சாண்ட்பாங்க்." கரை இல்லை, மணல்மேடு.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னேன். அவரும் நான் வழியில் சொன்னதையேதான் சொன்னார், இன்னும் கடுமையாக. காசுக்கு ஆள் கடத்தியவன் என்றும் எடுத்துக்கொள்வார்கள் என்றார். இவர் கேட்டுவிட்டு, "எழுதச் சொல்லுங்கோ," என்றார்.

திரும்பி வரும்போது என்னோடு கோபமா என்று கேட்டேன். "நீங்கள் பயந்திட்டீங்கள்," என்றார். "எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே அது."

வழக்கு வசந்த காலத்தில் வந்தது. நீதிமன்றத்துக்கென்று தனி மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் பின் வரிசை வாங்கில் இருந்தேன். நீதிபதி வயதானவர், சத்தம் போடாதவர். ஒவ்வொரு பதிலையும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் தானே சொல்லிப் பதிவு செய்துகொண்டு வந்தார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். பனிப்புகார், எண்ணியது, கை காட்டியது. தெரிந்த பெயர்களைச் சொன்னார். தெரியாதவர்கள் என்ன உடுப்புப் போட்டிருந்தார்கள் என்றும் சொன்னார். முடிவில் நீதிபதி பதிவைப் போட்டுக் காட்ட, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். மனுதாரர் பதினொரு பேரை மணல்மேட்டில் இறக்கிவிட்டார்.

"பிழை," என்றார் இவர்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"கைக்குழந்தை ஒண்டும் இருந்தது. நாங்கள் படகில கைக்குழந்தையை எண்ணுறேல்லை. பன்னிரண்டு எண்டு எழுதுங்கோ."

நீதிபதி பதிவைப் பின்னுக்கு ஓட்டினார். பிறகு கருவியை வாயருகே கொண்டுபோய்ப் பன்னிரண்டு என்றார்.

ஆறு வாரத்தில் தபால் வந்தது. நிராகரிப்பு. முன்னுக்குப் பின் முரணான வாக்குமூலம் என்று எழுதியிருந்தது. நான் எங்கள் குசினியில் அதை வாசித்துவிட்டு அழுதேன், பிறகு கத்தினேன்.

"உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டீங்கள் அண்ணை?"

"இப்ப கடதாசி சரியாக் கிடக்குத்தானே," என்றார். வாசலில் நின்றுகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி.

மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த ஆவணியில் எங்கள் காரில் கெவலார் மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் சைவம்தான், ஆனாலும் போவோம். ஐரோப்பா முழுக்க இருந்து தமிழ்ச் சனம் வரும் நாள் அது. தன் மாவட்டத்தைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. அங்கே போனால் அவர் செய்யும் வேலை ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மன்னார்ப் பேச்சு காதில் விழுந்த இடமெல்லாம் போய், தொண்ணூறு ஆனியில் தீடையில் நின்றவர்கள் யாரையும் தெரியுமா என்று கேட்பார். முந்திய வருடமும் வந்திருக்கிறார் போல, பலருக்கு இது பழகியிருந்தது. "அந்தா வாறார்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண் மரநிழலில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் கை நின்றது.

"என்ர சின்னம்மா நிண்டவ. பெரிய தீடைக்கு இஞ்சால சின்னதில. இடுப்பளவு தண்ணியில நிண்டவையாம்."

"இப்ப எங்க?"

"இந்தியாவில, மண்டபம் காம்பில. கொண்டுபோய் விட்ட படகுக்காரனை இண்டைக்கும் ஒவ்வொரு நாளும் மண்ணள்ளித் திட்டுறவ."

அவர் தரையில் குந்தினார். "என்னெண்டு திட்டுறவ?"

அவள் தயங்கினாள். "நாசமாப் போவான், கடல் தின்னும் எண்டு."

"நல்ல சத்தமாத் திட்டுறவவோ?"

"காம்பு முழுக்கக் கேக்கும்."

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நாடியில் சொட்டியது. "அப்ப நல்லாத்தான் இருக்கிறா," என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அது நான்தான் பிள்ளை."

அவள் பிள்ளைகள் இருவரையும் இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள். சோற்றுக் கோப்பை கவிழ்ந்தது. நாலடி தள்ளிப் போனாள். அங்கே நின்று, எங்களைப் பார்க்காமல், "சின்னம்மான்ர முகவரி வேணுமெண்டால் எழுதி எடுங்கோ," என்றாள்.

அவர் மேன்முறையீடு செய்யவில்லை. தானாகவே நாடு திரும்புவதாகக் கையெழுத்து வைத்தார். நானும் கணவரும் மன்றாடினோம். சண்டை நடக்கிற இடம், பிடித்து அடைப்பார்கள் என்றோம். கார்த்திகையில் ஹம் ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்டோம். ரயில் அசையும்போது அவர் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தார், எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

பத்து மாதம் ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இல்லை என்றே நினைத்தோம். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான்தான். மண்டபத்தில நிக்கிறன்."

"எப்பிடி அங்க போனீங்கள்?"

"வேற எப்பிடி? தண்ணியாலதான்."

"அவவைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். அடிச்சவ." இரைச்சலுக்குள் அவர் மூச்சு கேட்டது. "பிறகு தேத்தண்ணி தந்தவ. மீன்பிடிக்காரர் பின்னேரம் வந்து ஒன்பது பேரை ஏத்தினவையாம். மூண்டு பேரைத் தண்ணி கொண்டுபோட்டுது. பேனை எடுங்கோ, பேர் சொல்லுறன். அந்த நீதிபதிக்கு எழுதிப் போடுங்கோ."

"வழக்கு முடிஞ்சுது அண்ணை. இனி அதை ஒருத்தரும் திறந்து பாக்கமாட்டினம்."

"பாக்காட்டிலும் பறவாயில்லை. பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டது பிழை. எழுதுங்கோ."

ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒரு கிழவர். அவருடைய மகள். மூன்றாவது, அந்தக் கைக்குழந்தை. ஆண் குழந்தை, பெயர் வைத்து எட்டு நாள் ஆகியிருந்ததாம். அந்தப் பெயரைச் சொல்லி முடித்ததும் இணைப்பு அறுந்தது. காத்திருந்தேன், திரும்ப அடிக்கவில்லை. அதன்பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை.

அன்றைக்கே இருந்து டொச்சில் கடிதம் எழுதினேன். மேலே வழக்கு இலக்கம், கீழே ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி, அதன் கீழே மூன்று பெயர்கள். உறைக்குள் வைக்கும்முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். குழந்தையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தேன். வேறு கடதாசி எடுத்து, முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து எழுதினேன்.